அடுக்குமாடியில் தீ: சாத்திய கதவே முதல் காவல்

உயரமான குடியிருப்புகளில் தீப்பிடிக்கும்போது உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நெருப்பல்ல, புகை. 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 19 மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளங்களில் உள்ள ஒரு வீட்டில், குளிருக்காக வைத்திருந்த மின் ஹீட்டரிலிருந்து தீ பற்றியது. நெருப்பு அந்த வீட்டையும் அதன் வாசலையொட்டிய நடையையும் தாண்டி அதிகம் பரவவில்லை. ஆனால் வீட்டார் தப்பி ஓடியபோது, தானாக மூடிக்கொள்ள வேண்டிய வாசற்கதவு மூடவில்லை. மேலே 15ஆம் மாடியில் படிக்கட்டுக் கதவு ஒன்றும் திறந்தே கிடந்தது. இடைப்பட்ட மாடிகளெங்கும் புகை ஏறியது. 17 பேர் இறந்தனர். அவர்களில் 8 பேர் குழந்தைகள்.

புகையில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்வதால், தூங்குகிறவர் விழிக்காமலே மயங்கிவிடுவார். சூடான புகை மேல்நோக்கியே போகும். படிக்கட்டு, லிஃப்ட் குழி, மின்கம்பிகளும் குழாய்களும் செல்லும் ஷாஃப்ட் என்று கட்டடத்தில் மேலும் கீழுமாக ஓடும் திறப்புகள் எல்லாம் அந்த நேரத்தில் புகைபோக்கிகளாக மாறிவிடும். மூன்றாம் மாடித் தீயில் பதினைந்தாம் மாடிக்காரர் மூச்சுத் திணறுவது இப்படித்தான்.

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ளவற்றை உயர்கட்டடங்கள் என்கிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு விதிகளில் இந்த வரம்பு 18.30 மீட்டர். இத்தகைய கட்டடங்களில் படிக்கட்டை மறைத்து நிற்கும் கனமான கதவு, அழகுக்காகவோ காவலுக்காகவோ வைத்ததல்ல. குறிப்பிட்ட நேரம் வரை தீயையும் புகையையும் தடுத்து நிறுத்தும் தீத்தடுப்புக் கதவு அது. அதை ஒவ்வொரு முறையும் இழுத்து மூடுவதற்குத்தான் மேலே குளோசர் பொருத்தியிருக்கிறார்கள். காற்று வரட்டும் என்று அதற்குச் செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டால், பல ஆயிரம் ரூபாய்க் கதவு வெறும் பலகைதான். செருப்பு ஸ்டாண்டு, ஓட்டாத சைக்கிள், பழைய பேப்பர்க் கட்டு, பூந்தொட்டி என்று படிக்கட்டுத் திருப்பத்தில் சேரும் பொருள்களும் அப்படியே. பாதி எரியும், மீதி இருட்டில் காலை இடறும்.

தண்ணீர் ஏற்பாடு அடுத்தது. தீயணைப்புக்கென்று தனித் தொட்டி, பம்பு, மாடிதோறும் ஹோஸ் ரீல் ஆகியவை கட்டி முடித்த நாளில் சரியாகத்தான் இருக்கும். பின்னர் பம்பின் சுவிட்சை யாரோ ஆட்டோவிலிருந்து மாற்றிவைப்பார். குழாயின் பித்தளை முனை காணாமல் போகும். கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் முதலில் கண் போகும் இடமும் அந்தத் தொட்டிதான். பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கும் சங்கக் கூட்டங்கள் பம்பை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் நல்லது. கூரையில் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சினிமாவில் காட்டுவதுபோல எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டாது. வீடுகளில் வழக்கமாகக் காணப்படும் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் சுமார் 68 டிகிரி செல்சியஸில் உடையும். எது உடைகிறதோ அதிலிருந்து மட்டுமே தண்ணீர் வரும்.

வெளியே ஓடுவதா, வீட்டுக்குள்ளேயே இருப்பதா என்பதே கடினமான கேள்வி. லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று நள்ளிரவுக்குப் பின், நான்காம் மாடி வீடொன்றின் சமையலறை ஃபிரிட்ஜில் தீ தொடங்கியது. ஒவ்வொரு வீடும் தீயைத் தனக்குள் அடக்கிக்கொள்ளும் என்ற கணக்கில், மற்றவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்பது அங்கே நிலையான அறிவுரை. ஆனால் கட்டடத்தைப் புதுப்பித்தபோது வெளிச்சுவரில் பொருத்திய அலுமினியத் தகடுகளின் நடுவே எளிதில் எரியும் பாலிஎத்திலீன் இருந்தது. ஜன்னல் வழியே வெளியேறிய தீ அதைப் பற்றிக்கொண்டு அரைமணி நேரத்துக்குள் உச்சியைத் தொட்டது. முதல் அழைப்பு 12.54க்கு வந்தது; உள்ளேயே இருக்கச் சொல்லும் அறிவுரை கைவிடப்பட்டது 2.47க்கு. இறங்குவதற்கு இருந்தது ஒரே படிக்கட்டு. 72 பேர் இறந்தனர். அறிவுரை அடிப்படையில் தவறானதல்ல. கட்டடம் சொன்னபடி நடந்துகொள்ளும் வரைதான் அது செல்லும்.

ஆகவே முடிவைப் புகையைப் பார்த்து எடுக்க வேண்டும். தீ சொந்த வீட்டில் என்றால் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும். பீரோவைத் திறக்க நேரமில்லை. கடைசியாக வருபவர் கதவைச் சாத்த வேண்டும், பூட்டக் கூடாது. போகிற வழியில் அலாரத்தை அழுத்த வேண்டும். லிஃப்டைத் தொடவே கூடாது. மின்சாரம் நின்றால் நடுவழியில் சிக்க நேரும். குழிக்குள் புகை புகும். தீ வேறு வீட்டில் என்றால், வாசற்கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுடவில்லை, படிக்கட்டிலும் புகையில்லை என்றால் இறங்கிவிடலாம். சுட்டால் திறக்கக் கூடாது. ஈரத்துணியால் கதவின் இடுக்குகளை அடைத்துவிட்டு, தெருப்பக்க ஜன்னலிலோ பால்கனியிலோ நின்று துணியை ஆட்டி, எந்த மாடி, எந்த வீடு என்பதைத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். மொட்டை மாடிக்கு ஓடுவதில் பொருளில்லை. புகையும் அங்கேதான் போகிறது. அந்தக் கதவோ பெரும்பாலும் பூட்டியே இருக்கும்.

திருடனுக்குப் பயந்து பால்கனி முழுவதும் போட்ட கிரில்லில் திறக்கக்கூடிய ஒரு பகுதி இருக்க வேண்டும். அதன் சாவி பக்கத்திலேயே, எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். இல்லாவிட்டால் ஏணி வந்தும் பயனில்லை. ஏணி வண்டி உள்ளே வரவும் வழி வேண்டும். கட்டடத்தைச் சுற்றி விட்ட இடத்தில் கார்களை நிறுத்திவிட்டால் அது வாசலோடு நின்றுவிடும்.

வீட்டுக்குள் தீ தொடங்கும் இடங்கள் தெரிந்தவையே. வாணலி எண்ணெய் பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூடினால் போதும். தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் கூரை வரை தெறிக்கும். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. மின் ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றி வந்து இரவெல்லாம் வீட்டில் சார்ஜ் செய்வது புதிய ஆபத்து. லித்தியம் பேட்டரித் தீ அணைந்ததுபோல் காட்டி மீண்டும் பற்றும். வாசலருகே அதை வைத்தால் தப்பும் வழியே அடைபடும்.

முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் பற்றிய ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். கிரென்ஃபெல்லில் வசித்த மாற்றுத்திறனாளிகள் 37 பேரில் 15 பேர் உயிரிழந்தனர். எந்த வீட்டில் படியிறங்க முடியாதவர் இருக்கிறார், அவரைத் தூக்கிவர இரண்டு பேர் யார் என்ற பட்டியல் காவலாளி அறையில் இருந்தால், வரும் தீயணைப்பு வீரர்களுக்குத் தேடும் நேரம் மிச்சம். அழைக்க வேண்டிய எண் 101 அல்லது 112.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. குடியிருப்போர் சங்கங்கள் தங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதி, அந்த வாரத்தில் ஒத்திகை நடத்தித் தரக் கேட்கலாம்.