பம்பாயைச் சீதனமாகக் கொண்டு சென்ற அரசி



போளூர்ப் பக்கம் கோவிலில் முதல் ஓலை வாசித்தவுடன் நம் வீடுகளில் இரண்டு பேச்சு தொடங்கிவிடும். ஆரணிப் பட்டு எந்தக் கடையில் எடுப்பது என்பது ஒன்று. எத்தனை சவரன் போடுகிறார்கள் என்பது மற்றொன்று. முதல் பேச்சில் மகிழ்ச்சி உண்டு. இரண்டாவது, பெண்ணைப் பெற்றவரின் தூக்கத்தைக் கெடுப்பது. அரண்மனையில் பிறந்த பெண்களுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஐரோப்பிய அரச குடும்பங்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

நாம் வணங்கும் அங்கேரி நாட்டுப் புனித எலிசபெத் 1207இல் பிறந்தார். நான்கு வயதிலேயே வருங்கால மாமியார் வீட்டுக்கு, துரிங்கியா நாட்டு அரண்மனைக்கு அனுப்பப்பட்டார். பதினான்கு வயதில் திருமணம், இருபதில் கைம்பெண், இருபத்து நான்கில் மரணம். கணவர் அவரை நேசித்தார் என்பது அவருக்குக் கிடைத்த பேறு. எல்லா இளவரசிகளுக்கும் அது வாய்க்கவில்லை.

போர்த்துக்கல் இளவரசி கத்தரீனைப் பாருங்கள். ஸ்பெயினுக்கு எதிராக ஆங்கிலேயரின் துணை போர்த்துக்கல்லுக்குத் தேவைப்பட்டது. ஆகவே 1661இல் ஒப்பந்தம் எழுதி, மறு ஆண்டு அவரை இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லசுக்கு மணமுடித்தார்கள். சீதனமாகப் பெருந்தொகையும், ஆப்பிரிக்காவின் டாஞ்சியர் நகரும், நம் நாட்டின் பம்பாயும் கொடுக்கப்பட்டன. பணம் முழுவதும் சேராததால் ஒரு பகுதிக்குச் சர்க்கரையும் வாசனைப் பொருள்களும் கப்பலில் ஏறின! அப்படிப் பெற்ற பம்பாயை அரசர் 1668இல் ஆண்டுக்குப் பத்து பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுவிட்டார்.

அந்த அரண்மனையில் கத்தரீன் பட்ட பாடு கொஞ்சமல்ல. கணவர் தம் ஆசைநாயகியையே அரசியின் அந்தரங்கப் பணிப்பெண்ணாக அமர்த்தினார். கத்தரீன் எதிர்த்தும் பயனில்லை. கருவுற்றும் குழந்தை தங்கவில்லை. கத்தோலிக்கர் என்பதால் மக்களின் வெறுப்பும் சேர்ந்தது. 1678இல், அரசருக்கு நஞ்சிட முயன்றார் என்ற பொய்ப்பழியும் வந்தது. மனைவியைத் தள்ளிவிடுமாறு பலர் வற்புறுத்தியும் சார்லஸ் அதை மட்டும் செய்யவில்லை.

கத்தரீன் லிஸ்பனை விட்டுக் கப்பலேறிய அதே 1662ஆம் ஆண்டில், அவருடைய தம்பி பேதுருவோடு அரண்மனையில் வளர்ந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் இயேசு சபையில் சேர்ந்தான். அவர்தான் நம் மறவநாட்டு மறைசாட்சி புனித அருளானந்தர்.

அவருடைய மரணத்திலும் அரச குடும்பத்துப் பெண் ஒருவர் இருக்கிறார். திருமுழுக்குப் பெற விரும்பிய தடியத்தேவர், ஒரே மனைவியோடு வாழவேண்டும் என்ற போதனையை ஏற்று, முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் மன்னரிடம் முறையிட்டார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

நம் பங்குகளில் அருளானந்தர் நாடகம் போடும்போது இந்தப் பெண்ணுக்குக் கொடுமைக்காரி வேடம்தான் கொடுக்கிறோம். நாமும் அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். போதனையில் குறையில்லை. ஆயினும் நேற்றுவரை மனைவியாக இருந்தவள் இன்று இல்லை என்றானபோது, பிறந்த வீட்டுப் பெரியவரிடம் போய் அழாமல் அவள் வேறு எங்கே போவாள்? நம் தெருவில் ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தால் நாமே அவளை அண்ணன் வீட்டுக்குத்தானே அனுப்புவோம்?

அதே 1693இல்தான், கணவரை இழந்த கத்தரீன் முப்பது ஆண்டுகளுக்குப் பின் லிஸ்பன் திரும்பினார். தம்பி பேதுரு அப்போது அரசர். 1704, 1705 ஆண்டுகளில் தம்பிக்குப் பதிலாக நாட்டை ஆளும் பொறுப்பு அவருக்கு வந்தது. அதைத் திறம்படச் செய்தார். 1705 டிசம்பர் 31 அன்று, பிறந்த மண்ணிலேயே கண்மூடினார்.