சூடா, குளிரா? நோவுக்கு எது, எப்போது?

நாரி நோ, முழங்கால் நோ, தோள்மூட்டு இறுக்கம். தென்மராட்சியில் எந்தக் குடும்பத்தோடு அமர்ந்தாலும் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தின் பிற ஊர்களிலிருந்தும் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்தார்கள். அவர்களில் பலர் 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரியையும் விட்டு ஓட நேர்ந்தது. தோட்டத்தை இழந்த விவசாயிக்கு மிஞ்சிய முதல் அவரது உடம்புதான். கூலிக்கு மண்வெட்டி பிடிக்கும் கை விழுந்துவிட்டால் அன்றைய அடுப்பும் எரியாது. ஆகவே நோவைத் தணிக்கவும் காயம்பட்ட தசையைத் தேற்றவும் உதவும் சில எளிய முறைகளை இங்கே விளக்குகின்றோம்.

வெப்பம், குளிர், நீர், ஒலி, மின்சாரம் ஆகிய பௌதிகக் காரணிகளை அளவோடு பயன்படுத்துவது இயன்மருத்துவத்தின் ஒரு பகுதியாகும். இது எமக்குப் புதியதல்ல. நொச்சி இலை ஒத்தடமும் வறுத்த உப்பு ஒத்தடமும் எமது பாட்டிமார் அறிந்தவையே. எசேக்கியா அரசரின் கட்டிக்கு அத்திப்பழ அடை வைக்கும்படி இறைவாக்கினர் எசாயா கூறியதை அரசர்கள் இரண்டாம் நூலிலும் வாசிக்கின்றோம்.

காயம் ஆறும் விதம்

தசையோ நாரோ கிழிந்ததும் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கும். இது உடம்பு தன்னைத் திருத்தும் வேலையின் தொடக்கம். சில நாட்களில் புதிய இழையம் வளரத் தொடங்கும். அது முறுகி வலுப்பெறப் பல மாதங்கள் செல்லும். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தே சூடா குளிரா என்று முடிவு செய்யவேண்டும்.

குளிர்

இன்று சுளுக்கியது, இன்று அடிபட்டது என்றால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் குளிர் ஏற்றது. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நோவைக் கடத்தும் நரம்பின் வேகத்தையும் குறைக்கின்றது. ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றி 15 நிமிடம் வரை வையுங்கள். ஐஸ் நேரடியாகத் தோலில் படக்கூடாது. ஐஸ் இல்லையேல் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணி போதும். நாள் முழுவதும் வைத்திருப்பது நல்லதன்று. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978 இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் அவர்களே, அளவுக்கு மிஞ்சிய ஐஸ் ஆறுதலைத் தாமதப்படுத்தலாம் என்று 2014 இல் தமது கருத்தைத் திருத்திக்கொண்டார்.

சூடு

வீக்கம் வற்றியபின் நிற்கும் பழைய நோவுக்கும், காலையில் எழும்பும்போது உள்ள இறுக்கத்துக்கும் சூடு உதவும். அது இரத்த ஓட்டத்தைக் கூட்டி, இறுகிய தசையைத் தளர்த்துகின்றது. சுடுநீரில் பிழிந்த துவாயோ, வறுத்த உப்புப் பொட்டலமோ 15 முதல் 20 நிமிடம் போதும். முதலில் உங்கள் முன்னங்கையின் உட்புறத்தில் வைத்துச் சூட்டைப் பாருங்கள். ஒத்தடத்தின்மேல் படுத்து உறங்கிவிடாதீர்கள்.

புதிய வீக்கம், சீழ்க்கட்டு, காய்ச்சலோடு சிவந்த மூட்டு ஆகியவற்றுக்குச் சூடு கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் ஒத்தடமும் வேண்டாம், உருவவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீரிழிவினால் கால் விறைத்தவர்கள் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். எமக்குத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் பாதத்துக்கு உப்பு ஒத்தடம் வைத்தார். சூடு அவருக்கு உறைக்கவில்லை. தோல் வெந்தது மறுநாள்தான் தெரிந்தது. புண் ஆற மாதக்கணக்காயிற்று.

மின்சாரமும் ஒலியும்

இடித்த முழங்கையை நாம் உடனே தடவிக்கொள்கிறோம். தொடுகை உணர்வு முந்திச் சென்று முள்ளந்தண்டில் நோவுக்குக் கதவைச் சாத்துகின்றது என்று 1965 இல் மெல்சாக், வோல் என்ற இரு அறிஞர்கள் விளக்கினார்கள். தோலில் மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தும் கருவி இந்த விளக்கத்தின் அடிப்படையிலேயே வந்தது. காதுக்குக் கேளாத ஒலியலைகளால் ஆழ்ந்த தசையைச் சூடாக்கும் கருவியும் உண்டு. ஆனால் நாட்பட்ட நாரி நோவுக்கு இவ்விரண்டையும் வழமையாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும், உடற்பயிற்சியும் நோயைப் பற்றிய விளக்கமும் முக்கியம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவுறுத்தியது. ஆகவே இயந்திரம் பிடிக்கவில்லையே என்று ஏங்கவோ, அதற்காகக் கடன்படவோ தேவையில்லை.

உடம்பில் செல் துண்டு இருந்தால்

எமது பகுதியில் இதை ஒருபோதும் மறக்கக்கூடாது. உடம்புக்குள் செல் துண்டோ, எலும்பில் பொருத்திய கம்பியோ இருந்தால் குறுகிய அலை மின்வெப்பச் சிகிச்சையில் அந்த உலோகம் கடுமையாகச் சூடேறி உள்ளே தசையை எரிக்கலாம். முப்பது ஆண்டுக்கு முந்திய காயமாயினும், யாரும் கேட்காவிட்டாலும், நீங்களாகவே சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் இதயக் கருவி பொருத்தியவர்களும் அவ்வாறே முன்கூட்டிச் சொல்லவேண்டும்.

அசைவே மருந்து

சூடும் குளிரும் கதவைத் திறப்பவை மட்டுமே. உள்ளே போகவேண்டியவர் நாமே. ஒத்தடம் கொடுத்த கையோடு மூட்டை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். அந்த அசைவுதான் புதிய இழையத்தை ஒழுங்காக வளரச் செய்கின்றது. நாரி நோவுக்கு நாட்கணக்கில் பாயில் கிடப்பது தசையை இன்னும் நலியவைக்கும். நடவுங்கள், சிறிது சிறிதாக வேலைக்குத் திரும்புங்கள்.

நாரி நோவோடு கால் சோர்ந்தாலோ, சலம் கட்டுப்படாமல் போனாலோ, இருக்கும் இடம் விறைத்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மற்றவர்களும் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்குப் போகும்போது, இயன்மருத்துவரைப் பார்க்கமுடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். நிலம் திரும்பக் கிடைக்கும் நாளில் அதைக் கொத்த ஓர் உடம்பு வேண்டும். அதை இன்றே பேணுவோம்.