தேய்ந்த பெயரைத் தேடி

நுழையும்முன்

ஒரு கைவினைப் பொருள் நிலைத்திருந்தாலும் அதைச் செய்தவரின் பெயர் நிலைப்பது அரிது. ஜப்பானியக் கொல்லர் சிலர், வாள் பயன்பாட்டில் உள்ளவரை எவர் கண்ணுக்கும் தெரியாத ஓரிடத்தில் தம் பெயரை வெட்டிவைத்தனர். தேய்ந்து மங்கிய அப்பெயர்களைப் படித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

ஜப்பானிய வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் இடையே பொருத்தப்படும் உலோகத் தகடு 'சுபா' எனப்படும். பிடித்த கை வழுக்கி அலகின்மீது செல்லாமல் தடுப்பது அதன் பணி. நீண்ட வாளுக்குரிய சுபா ஏறத்தாழ 7 அல்லது 8 செ.மீ. குறுக்களவு உடையது. பழைய சுபாக்கள் பெரும்பாலும் பெயரின்றியே செய்யப்பட்டன. 16ஆம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த நொபுயியே, கனேயியே ஆகியோர் பெயர் பொறித்த முன்னோடிகளாக மதிக்கப்படுகின்றனர். எதோ காலத்தில் (1603–1868) அவ்வழக்கம் பரவியது.

1876இல் பொது இடங்களில் வாள் அணிந்து செல்வதற்கு ஜப்பானில் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் வாளிலிருந்து கழற்றப்பட்ட சுபாக்கள் பல, கடல் கடந்து சேகரிப்பாளர்களிடமும் இலண்டன், பாஸ்டன் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களிடமும் சேர்ந்தன. வாளும் உடையவரும் ஊரும் பிரிந்துபோன நிலையில், தகட்டில் உள்ள சில எழுத்துகளே அதன் பிறப்பைச் சொல்லும் எழுத்துச்சான்றாக எஞ்சுகின்றன.

பெயர் மங்குவது ஏன்?

சுபாவின் நடுவில் அலகின் வால்பகுதி நுழையும் ஆப்பு வடிவத் துளை உண்டு. அதைச் சுற்றியுள்ள சமதளத்திலேயே பெயர் வெட்டப்படும். வாளைப் பூட்டும்போது 'செப்பா' என்னும் மெல்லிய வளையத்தகடு அவ்விடத்தை மூடிவிடும். மறைவான இடம் பாதுகாப்பான இடம் எனத் தோன்றலாம், உண்மை வேறு. அவ்வளையத்தின் உராய்வே எழுத்துகளைத் தேய்த்தது. வேறொரு வாளுக்கு அதே சுபாவைப் பொருத்தத் துளையை அகலப்படுத்தியபோது எழுத்தின் ஓரம் வெட்டுண்டது. இரும்பாயின் துருவும் சேர்ந்துகொண்டது.

இவற்றைவிடக் கொடியது அறியாமையால் செய்யும் தூய்மைப்பணி. இரும்புச் சுபாவின் கருமை அழுக்கன்று. கொல்லர் திட்டமிட்டு உருவாக்கிய மேற்பூச்சு அது. அமிலமோ கம்பித் தூரிகையோ பட்டால் அக்கருமையுடன் எஞ்சிய எழுத்தும் போய்விடும். அறிந்தோர் செந்துருவை மான்கொம்பு அல்லது எலும்புத் துண்டால் மெல்லச் சுரண்டுவர்.

படிக்கும் முறை

துளையின் குறுகிய முனை மேலே இருக்குமாறு சுபாவைப் பிடித்தல் வேண்டும். கைப்பிடியை நோக்கிய முகமே முன்பக்கம். பெரும்பாலும் துளையின் இடப்புறத்தில் பெயரும், சில சுபாக்களில் வலப்புறத்தில் ஊரும் காணப்படும். நேர் ஒளி இதற்கு உதவாது. இருண்ட அறையில் விளக்கைத் தகட்டின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, தகட்டைச் சிறிது சிறிதாகத் திருப்ப, ஒவ்வொரு கோணத்திலும் வெவ்வேறு கோடுகள் நிழல் பெற்று எழும். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல, மெல்லிய தாளை வைத்து மென்கரியால் தேய்த்தும் படி எடுக்கலாம். வெட்டுண்ட கோடுகள் மட்டும் வெண்மையாக நிற்கும்.

எழுத்துகளின் வரிசையும் துணைசெய்யும். 'வாழ்பவர்' என்னும் பொருளுடைய 'ஜூ' என்ற எழுத்து பல பொறிப்புகளில் இடம்பெறும். மனிதனைக் குறிக்கும் இரு கோடுகள் அதன் இடப்பக்கத்தில் அமையும். அஃது ஒன்று அடையாளம் காணப்பட்டால், அதற்கு முன்னுள்ளது ஊர், பின்னுள்ளது பெயர் எனப் பிரிக்கலாம். 'எச்சிசென் ஜூ கினாய்' என்பது எச்சிசென் மாநிலத்தில் வாழும் கினாய் எனப் பொருள்படும். பழைய மாநிலங்களின் எண்ணிக்கை எழுபதுக்கும் குறைவே. ஆகவே ஊர்ப்பெயர் சிதைந்திருந்தாலும் ஒப்பிட்டுத் தேறலாம். ஆனால் கினாய் என்னும் பெயரைப் பல தலைமுறையினர் தாங்கினர். பெயரைப் படிப்பது வேறு, ஆளை அறிவது வேறு.

பாதிப் பெயரும் பொய்ப் பெயரும்

நொபுயியே, கனேயியே என்னும் இரு பெயர்களும் 'யியே' என்ற ஒரே எழுத்தில் முடிவன. ஒரு சுபாவில் அவ்வீற்றெழுத்து மட்டும் எஞ்சியுள்ளது எனக் கொள்வோம். காண்பவர் மனம் உடனே புகழ்பெற்ற பெயரொன்றை மேலே நிரப்பிக்கொள்ளும். நிழலும் துருவும் அதற்கேற்பக் கோடுகளாகத் தோன்றும். அவ்வெழுத்தில் முடியும் பெயருடையோர் வேறு பலரும் உளர் என்பதை அப்போது ஆசை மறைத்துவிடும். எனவே, பெயரை விட்டுத் தகட்டைக் காண்பதே அறிவுடைமை. கனேயியேயின் சுபாக்கள் மெல்லிய நிலக்காட்சிகளுக்குப் பெயர்பெற்றவை. அவர் தம் ஊரான ஃபுஷிமியையும் சேர்த்துப் பொறித்தார். நொபுயியேயின் சிறப்பு, சுத்தியலடி தெரியும் திண்ணிய இரும்பில் உள்ளது. இரும்பும் வேலைப்பாடும் பெயருக்கு ஒவ்வாவிடில் ஐயமே முறை.

ஜப்பானியர் பொறித்த பெயரை 'மெய்' என்றும் பொய்யாகப் பொறித்ததைக் 'கிமெய்' என்றும் வழங்குவர். தமிழ்ச் செவிக்கு வியப்பூட்டும் இவ்வொலி ஒற்றுமை தற்செயலானது. நொபுயியேயின் பெயரைப் பிற்காலத்தார் பலர் தம் சுபாக்களில் வெட்டினர். அங்கே உளியின் நடை காட்டிக்கொடுக்கும். தன் பெயரைப் பலநூறு முறை வெட்டிய கை தயங்காது. பிறர் பெயரைப் பார்த்து வெட்டும் கை கோட்டின் நடுவே நின்று நின்று செல்லும். தேய்ந்த பொறிப்பிலும் உளி ஆழ்ந்து இறங்கிய இடங்கள் இறுதிவரை நிற்பதால், இந்நடையை ஓரளவு உணரலாம்.

இத்தனைக்குப் பின்னும் படிக்க இயலாத பொறிப்புகள் உண்டு. கவனமான பதிவேட்டில் தெளிந்த எழுத்துகள் மட்டும் எழுதப்பட்டு, அழிந்த ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வெற்றுக்கட்டம் விடப்படும்.