மரியாதையும் அபிவிதியும்

மரியாதை என்னும் சொல்லை இன்று பணிவு, உபசாரம் என்னும் பொருளில் வழங்குகிறோம். வடமொழியில் மர்யாதா என்பது எல்லையையும் குறிக்கும். வயலின் வரம்பும் கடல் தாண்டாத கரையும் மர்யாதையே. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலம் ஏழு மர்யாதைகளைப் பேசுகிறது. யாஸ்கர் தம் நிருக்தத்தில் களவு, பொய் முதலானவற்றை எண்ணி, மனிதன் கடக்கலாகாத எல்லைகளாக அவற்றை விளக்கினார். தன் எல்லையில் நிற்பவன் பிறருக்கு இடம் விடுகிறான் அன்றோ? நடத்தைப் பொருள் இவ்வழியே வந்ததென்று கொள்ளலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் இச்சொல்லை ஏற்றன. அம்மூன்றும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஓசூரில், ஜூஜூவாடியைத் தாண்டினால் கருநாடகம் என்னும் இடத்தில் வாழும் அடியேனுக்கு இச்சொல்லின் மேல் தனி ஈடுபாடு உண்டு.

பாணினி 'வரை' என்னும் பொருள் தரும் 'ஆங்' என்ற இடைச்சொல்லுக்கு மர்யாதை, அபிவிதி என இரு பொருள் வகுத்தார். உரைகாரர்கள் பாடலிபுத்திரம் வரை மழை பெய்ததை உதாரணம் காட்டுவர். நாம் ஓசூர் வரை என்று கொள்வோம். ஓசூரைத் தொடாமல் மழை நின்றால் மர்யாதை. ஓசூரும் நனைந்தால் அபிவிதி. முன்னது எல்லையை விலக்கியது, பின்னது எல்லையையும் உட்கொண்டது.

கோயிலில் அருளிப்பாடு, தீர்த்தம், ஸ்ரீசடகோபம் எல்லாவற்றிற்கும் வரிசை உண்டு. தீர்த்த மரியாதை பற்றிய பிணக்குகள் நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. (இந்த 'வரை' ஐயமின்றி அபிவிதி.)

எம்பெருமானார் கீதாபாஷ்யத்தின் தொடக்கத்தில் பகவானின் குணங்களுள் ஸௌசீல்யத்தை ஓதுகிறார். பெரியவன் சிறியவரோடு இடைவெளியின்றிக் கலந்து பழகுவது சீலம். அங்ஙனம் கலக்கும்போது தன் பெருமையைத் தானும் நினையாமை அதன் நன்மை என்று பெரியோர் நிர்வஹிப்பர். மர்யாதா புருஷோத்தமன் என்று போற்றப்படும் பெருமாளே கங்கைக் கரையில் குகனைத் தழுவிக்கொண்டார். கொடுப்பவன் உயரத்தில் நின்று தருவது உபசாரமாகலாம், சீலமாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், இப்பக்கத்துச் சந்நிதி ஒன்றில் சாற்றுமுறையன்று தீர்த்தம் சாதிக்கும் கைங்கரியம் அடியேனுடையது. தொழிற்சாலைச் சீருடையில் ஒரு வடதேசத்து இளைஞர் கோஷ்டிக்கு வெளியே கைகூப்பி நின்றார். இரண்டாம் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று உடைந்த கன்னடத்தில் கூறினார். "முறை வரட்டும், நில்" என்றேன். முறை வந்தபோது அவர் அங்கில்லை. வரிசை பிழையின்றி நடந்தேறியது. 'நில்' என்று ஒருமையில் சொன்னதை எவரும் குறையாகக் கருதவில்லை. அடியேனும் அன்று கருதவில்லை. இலக்கண சுத்தமான மர்யாதை அது. ஓசூருக்கு முன்பே மழை நின்றுவிட்டது.

எல்லைக்கு அப்பால் திருநாராயணபுரத்தில், விலக்கி வைக்கப்பட்டிருந்தவர்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, குறித்த நாள்களில் ஆலயம் புகும் உரிமையையும் உடையவர் தந்தருளினார் என்பது ஸம்பிரதாயம். அவர் முதலில் பெயரைத் தந்தது கவனிக்கத்தக்கது. அடியேன் அவ்விளைஞரின் பெயரையும் கேட்கவில்லை.

ஆசாரிய புருஷர்களுக்குச் சாதித்தபின், வேலைக்குச் செல்வோருக்கு உடனே தீர்த்தம் சாதிக்கலாமா என்று அச்சந்நிதியில் விண்ணப்பித்தேன். பெரியோர் இருவர் இசைந்தனர். ஒருவர், முறை மாறலாகாது என்கிறார். அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.