பால்மரமும் தடையற்ற வாணிபமும்

ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பளவில் எளிதாக வருவதை உற்பத்தி செய்து, மற்றதை வெளியிலிருந்து வாங்கினால் எல்லாருக்கும் ஆதாயம். 1817-இல் டேவிட் ரிக்கார்டோ எடுத்துரைத்த கொள்கை இது. இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் திராட்சை மதுவையும் அவர் உதாரணமாகக் காட்டினார்.

இந்தக் கணக்கைக் கெடா தோட்டங்களில் போட்டுப் பார்த்தால் என்ன வரும்?

பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம் வட்டாரங்களுக்குப் பால்மரம் இயற்கை தந்த சீதனமல்ல. அதன் பூர்வீகம் பிரேசில். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளிலிருந்தே மலாயாவில் ரப்பர் பரவியது. முதலீட்டில் பெரும்பகுதி லண்டனிலிருந்து வந்தது. உழைப்பு தமிழகக் கிராமங்களிலிருந்து வந்தது. பால் இங்கே வெட்டப்பட்டது. டயர் மேல்நாடுகளில் செய்யப்பட்டது.

ரப்பர் விலை விழுந்தபோது, தடையற்ற வாணிபத்தைப் போதித்த பிரிட்டிஷ் அரசே அதற்குத் தடை போட்டது. 1922-இல் வந்த ஸ்டீவன்சன் திட்டம், 1928 வரை ரப்பர் ஏற்றுமதிக்கு வரம்பு விதித்தது. முதலீட்டுக்குக் கிடைத்த இந்தக் காப்பு தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

1950-இல் ராவுல் பிரெபிஷ், ஹான்ஸ் சிங்கர் ஆகிய இரு பொருளியலாளர்கள் இதற்குத் தனித்தனியே விளக்கம் தந்தனர். தொழில்மய நாட்டில் உற்பத்தித் திறன் உயர்ந்தால், அதன் பலன் கூலியாகவும் லாபமாகவும் அங்கேயே தங்குகிறது. மூலப்பொருள் விற்கும் நாட்டில் திறன் உயர்ந்தாலோ விலைதான் இறங்குகிறது. பலன் வாங்குபவருக்குப் போகிறது. எனவே நாளாக நாளாக, ஓர் இயந்திரம் வாங்க முன்பைவிட அதிக ரப்பர் விற்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் வாதம்.

அதற்காக வாணிபக் கதவை அடைத்துவிடுவது தீர்வாகாது. கெடாவே அதற்குச் சான்று. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. 2006-இல் ஜெர்மனியின் இன்ஃபினியான் நிறுவனம் அங்கே மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அரசு நிலமும் மின்சாரமும் சாலையும் ஏற்பாடு செய்தது. வெளிநாட்டு முதலீடு வந்தது. சந்தையைத் தானாக விட்டிருந்தால் இது நடந்திருக்குமா என்பது ஐயமே.

ஆயினும் சில்லு செய்யும் ஊரிலும் மேல்படி, கீழ்படி உண்டு. வடிவமைப்பவருக்கும் இயந்திரத்தைப் பராமரிப்பவருக்கும் ஒரு சம்பளம். பெட்டி சுமப்பவருக்கு வேறு சம்பளம். ரப்பர் அழிந்து செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது, எத்தனையோ குடும்பங்கள் தொழிற்பயிற்சி ஏதுமின்றித் தோட்டத்தை விட்டு நகருக்கு வந்தன. அவர்களின் பிள்ளைகள் தொழில்நுட்பக் கல்வி பெறாவிட்டால், பால்வாளி போய்ப் பெட்டி வரும். நிற்கும் படி மட்டும் மாறாது.