கடிகாரச் சில்லும் ஆண்டுக் கணக்கும்: யுனிக்ஸ் வழி முறைமைகளிடையே நிரல் பெயர்த்தல்

மின்சாரம் நின்ற பின்னரும் கணினிக்கு நேரந் தெரிவது, சிறு பற்றரியொன்றின் துணையால் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரச் சில்லினாலாகும். அச்சில்லைப் படிக்கும் நிரலை ஓர் இயக்கமுறைமையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லுதல் எளிய வேலையெனவே தோன்றும். சில்லு ஒன்றே, அதன் பதிவகங்களும் அவையே. ஆயின் அவற்றிலுள்ள எண்கள் எதனைக் குறிக்கின்றன என்பது முழுவதும் சில்லில் எழுதப்பட்டதன்று. முறைமைகளை ஆக்கியோர் வகுத்துக்கொண்ட வழக்கும் அதிற் கலந்துள்ளது. பெயர்ப்பவரை இடறச் செய்வது இவ்வழக்கே என்பது எமது கருத்து.

சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகள் சிலவற்றில் மொஸ்டெக் 48ரி02 என்னும் சில்லு இடம்பெற்றது. அது ஆண்டுக்கு இரண்டு இலக்கங்களையே ஒதுக்குகிறது. சன் கணினிகளில் அவை 1968 இலிருந்து எண்ணப்பட்டன. 1968 லீப் ஆண்டாதலால், நான்கால் வகுபடும் எண்ணை லீப் ஆண்டாகக் கொள்ளும் சில்லின் கணக்குக்கு ஊறு நேரவில்லை. ஆகவே 1995 அச்சில்லில் 27 என நிற்கும். 2024 ஆம் ஆண்டு 56 என நிற்கும். ஐபிஎம் வழிக் கணினிகளில் மோட்டோரோலா 146818 வகைக் கடிகாரத்தைப் படிக்கும் லினக்ஸ் நிரலோ, 69 வரையுள்ள எண்களை 2000 உடன் கூட்டும். அவ்விதியைச் சிந்தியாது இங்கு இட்டால் 56 என்பது 2056 ஆகிவிடும்: 32 ஆண்டுப் பிழை. லினக்ஸும் நெட்பிஎஸ்டியும் சன் கணினிகளுக்கென 1968 ஐத் தத்தம் நிரல்களிற் குறித்துவைத்தமை இதனாலேயே.

மாதக் கணக்கு இதனினும் நுண்ணியது. லினக்ஸ் மாதங்களை 0 முதல் 11 வரை எண்ணுகிறது. நெட்பிஎஸ்டி 1 முதல் 12 வரை எண்ணுகிறது. ஒன்றைக் கூட்ட மறந்தவரின் நிரல் ஜனவரியிற் பூச்சியத்தைத் தந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஏனைய பதினொரு மாதங்களிலும் முறையான, ஆனாற் பொய்யான, திகதியொன்றை அமைதியாகத் தந்துகொண்டிருக்கும். (ஜூலையிற் சோதித்து மனநிறைவு கொண்டவரை நாம் குறைகூறவியலுமா?)

சில்லுக்கே உரிய இடர்களும் உள. 10:59:59 இல் மணியைப் படித்து, அடுத்த கணத்தில் நிமிடத்தைப் படித்தால், 10:00 என ஒரு மணி நேரம் பின்தங்கிய விடை கிடைக்கும். மோட்டோரோலாச் சில்லு, இற்றைப்படுத்தல் நடைபெறுவதை ஒரு பிற்றினால் அறிவிக்கும்; மொஸ்டெக்கில் வாசிப்புப் பிற்றை இட்டால் பதிவகங்கள் அசையாது நிற்கும். இவை கைநூல்களில் உள்ளவை, கற்றுக்கொள்ளலாம்.

கைநூலில் இல்லாத வேறொன்றும் உண்டு. பேர்க்லி மரபின் கரு, தொடங்கும்போது சில்லின் நேரத்தைக் கோப்பு முறைமையிற் பதிந்த இறுதி நேரத்துடன் ஒப்பிட்டு, இரண்டு நாளுக்கு மேல் வேறுபட்டால் எச்சரித்தது. லினக்ஸ் கரு அவ்வொப்பீட்டைச் செய்வதில்லை. பேர்க்லி மரபிலிருந்து நிரலைப் பெயர்ப்பவர் அக்காவலைத் தம்மையறியாமலே இழக்கிறார். பிழைபட்ட ஆண்டு தடையின்றி உட்புகுந்து, கோப்புகளின் மாற்ற நேரத்தை நம்பி எதை மீளத் தொகுப்பதெனத் தீர்மானிக்கும் 'மேக்' போன்ற கருவிகளைத் திசைதிருப்புகிறது.

மறுதிசையிற் குறுக்கிடுவது உரிமம். பேர்க்லி உரிமத்து நிரல், ஆக்கியோர் பெயரைப் பேணினால், லினக்ஸினுட் செல்லலாம். லினக்ஸின் பொது உரிமத்து நிரலைத் தம் கருவினுட் சேர்க்கப் பேர்க்லி மரபினர் விரும்புவதில்லை. சேர்த்தால் அவ்வுரிமத்தின் நிபந்தனைகள் முழுக் கருவையும் பற்றும். எனவே அவர்கள் கைநூலைத் திறந்து அதே நிரலை மீண்டும் முதலிலிருந்து எழுதுகின்றனர்.