காப்பிப் பூவும் கைப்பேசியும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டிற்கு வருவோர் ஏரியைக் கண்டு களித்துத் திரும்பிவிடுகின்றனர். வழியெங்கும் மர நிழலில் நிற்கும் காப்பிச் செடிகளை நின்று பார்ப்பவர் சிலரே. சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொணர்ந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை ஆவார்.

அராபிகா என்னும் இக்காப்பி, ஒரே ஒரு மழையை நம்பி வாழும் பயிர். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஓர் அங்குல மழை பெய்தால், உறங்கிக் கிடந்த அரும்புகள் எட்டு, ஒன்பது நாட்களில் விரிந்து, தோட்டமே மல்லிகைப் பந்தலாகிவிடும். வெறும் தூறலோடு நின்றால் அரும்பு கெடும். பூ விரிந்த அன்றே மழை கொட்டினாலோ காய்ப்பு குறையும். எத்தனை நுட்பமான கணக்கு பாருங்கள், தோழியரே!

இக்கணக்கைத்தான் புவி வெப்பம் குலைக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்தால் பெருமழை; இடையில் நீண்ட வறட்சி. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலால் இம்மலையில் பெருமழை பெய்து, மலைப்பாதையில் மண் சரிந்தது. அதுவோ பழம் பறித்துக் களத்தில் உலர்த்தும் பருவம். நனைந்தால் பழம் வெடிக்கும். களத்திலுள்ளது பூசணம் பிடிக்கும்.

இன்சாட் செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மேகங்களைப் படம்பிடிக்கின்றன. கணிப்பொறிகள் அவற்றை ஆராய்ந்து மழையை முன்னறிகின்றன. அச்செய்தியை உழவரிடம் சேர்க்க 2019-இல் 'மேகதூத்' என்னும் கைப்பேசிச் செயலி வந்தது. காளிதாசன் மேகத்தைத் தூது விட்டான். இங்கே மேகத்தைப் பற்றியே தூது! மழை வருமென்று தெரிந்தால் களத்துக் காப்பியை அள்ளி மூடலாம். வராதென்று தெரிந்தால் தெளிப்பான் கொண்டு அந்த ஓர் அங்குலத்தை நாமே பெய்விக்கலாம்.

ஆனால் ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் என்பது சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். குளமும் மோட்டாரும் உள்ள பெரிய எஸ்டேட்டுக்கு அது இயலும். ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பம் கோடையில் அதற்கு எங்கே போகும்? கைப்பேசி அவர்களிடமும் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. மேலும், மாவட்டம் முழுமைக்கும் பொதுவான முன்னறிவிப்பு, 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்திற்கும் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிற்கும் ஒன்றுபோலப் பொருந்துமா?

இன்னொரு செயலியைவிட, ஊருக்கொரு மழைமானியும் பொதுக்குட்டையும் முதலில் வேண்டும் என்பதே என் எண்ணம். வடகிழக்குப் பருவமழையில் ஒரு லட்சம் லிட்டர் தேங்கி, கோடைவரை வற்றாதிருந்தால், மழை பொய்த்த மார்ச்சிலும் ஓர் ஏக்கர் பூக்கும்.